மெழுகைச் சீவிவிடாதே

லண்டனில் இருக்கும் என் மகனுக்கு உன் அம்மா எழுதுவது.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. குசினி வாசலில் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடித்ததும் உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். கத்தினேன் என்று எழுதுகிறேனே தவிர, வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. கழுத்தில் வைத்திருக்கும் துளை வழியாகக் காற்று மட்டும் 'உஸ்' என்று போனது. என் குரல்வளையைக் கொழும்பில் வெட்டி எடுத்து இத்தனை வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் திடுக்கிட்டால் நான் இன்னும் கத்தத்தான் பார்க்கிறேன். உடம்புக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா விறாந்தையில் கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. கடைசியில் சட்டி மூடியை எடுத்து நிலத்தில் போட்டுத்தான் அவரை உள்ளே வரவழைத்தேன்.

நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், உன் கண்ணாலேயே ஒருமுறை பார். ஒலிகளைப் பற்றிய படிப்பை விடுகிறாய். இந்த மாத முடிவில் பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறாய். ஏறுமுன் என் குரல் பதிந்த மெழுகு உருளைகளை எல்லாம் பொறியில் வைத்துச் சீவித் துடைத்துவிடப் போகிறாய், ஏனென்றால் அவை உன் குற்றத்துக்குச் சாட்சி. இப்படித்தானே எழுதியிருக்கிறாய்? மகனே, எனக்குத் தொண்டையில் கட்டி என்று டாக்குத்தர் சொன்னபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. அப்போது பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டில் இருந்தது. கப்பல் தபால் உன் மாத முடிவுக்குள் வந்து சேராது என்பதால் இதை விமானத் தபாலில் போடுகிறேன். இதை ஒளித்து வாசிக்கத் தேவையில்லை. உன் பேராசிரியருக்கும், உன்னோடு படிக்கிறவர்களுக்கும் மொழிபெயர்த்துக் காட்டு. அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன வருடம் கச்சான் காற்று அடித்த மாதங்களில் நீ பெட்டிகளோடு வந்து இறங்கியது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. உடுப்புப் பெட்டி ஒன்றுதான், மற்றதெல்லாம் கருவி. நான் பாலர் வகுப்பு வாத்தியாரம்மா. அ, ஆ சொல்லிக் கொடுத்தே வயது போனவள். எழுத்து என்றால் சிலேற்றில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். நீ வந்து, எழுத்து என்பது வாய்க்குள் நடக்கும் ஒரு வேலை என்றாய். என் வாய்க்கு அளவெடுத்து அண்ணம்போல ஒரு மெல்லிய தகடு செய்தாய். அதில் வெள்ளைத் தூளைத் தூவி, வாயில் வைத்து, 'த' சொல்லச் சொன்னாய். கழற்றிப் பார்த்தால் பல்லடியில் மட்டும் தூள் அழிந்திருந்தது. 'ட' சொன்னபோது மேலே, மேட்டில் அழிந்திருந்தது. இத்தனை வருடம் கதைத்த நாக்கு எங்கெங்கே போய் வருகிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீ சிரித்தாய், உன் அப்பா அதைவிடப் பெரிதாகச் சிரித்தார், வாத்தியாரம்மாவின் வாயை அடைக்க லண்டனிலிருந்து தகடு வரவேண்டியிருந்தது என்று.

சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன கதைகளும் சாமானியமானவை அல்ல. குரல் எப்படி உண்டாகிறது என்று வெள்ளைக்காரர் காலம் காலமாக அடித்துக்கொண்டார்களாம். ஒரு கூட்டம், தொண்டை ஒரு குழல் என்றதாம். மற்றக் கூட்டம், இல்லை, உள்ளே தந்தி இருக்கிறது என்றதாம். தீர்த்துவைக்க ஒரு வைத்தியர் செத்தவர்களின் குரல்வளையை வெட்டி எடுத்து, அதற்குள் காற்றை ஊதிப் பார்த்தாராம். அதுவும் முனகியதாம். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். "செத்த ஆள்ர தொண்டைய ஊதிறதா? ஆர்ர பிள்ளையோ, ஆர்ர தாயோ" என்று நான் பதறினேன். நீ அதைப் பெரிய வெற்றியாகச் சொன்னாய். பிறகு துருத்தியும் தோலும் வைத்துப் பேசும் பொறி செய்தவனின் கதை. பிறகு வடமொழிக்காரர் வாயின் இடங்களை அளந்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் ஐரோப்பாவுக்கே கண் திறந்தது என்ற கதை. நம் பழைய இலக்கணத்திலும் அது இருக்கிறது, தொப்புளிலிருந்து எழும் காற்று நெஞ்சுக்கும் கழுத்துக்கும் தலைக்கும் போய், நாக்கிலும் பல்லிலும் உதட்டிலும் பட்டு எழுத்தாகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாய். தொப்புள் என்றதும் உன் அப்பா சட்டையை விலக்கிக் குனிந்து பார்த்தார். நீயும் நானும் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.

பதிவு செய்த அன்று என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நமது வீட்டின் பின்னறையில், வாவிப் பக்கத்து யன்னலை மூடி, என்னைக் கதிரையில் இருத்தினாய். ஒலி பதியும் பெட்டியை முறுக்கி, மெழுகு உருளை சுற்றத் தொடங்கியதும் கையைக் காட்டினாய். நான் புனலுக்குள் வாயை வைத்து, "மனே, துவங்கட்டா?" என்றேன். நீ தலையில் கையை வைத்தாய்.

"அம்மா, நீங்க அந்தச் சொல்லுகள மட்டும் சொல்லுங்க. என்னக் கூப்பிடாதங்க."

"கேக்காம எப்பிடி மனே துவங்கிறது?"

"இதுவும் பதிஞ்சிட்டு. சரி, விடுங்க. பிறகு மெழுகச் சீவி விடலாம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பதிந்ததைச் சீவி எடுத்துவிட்டு அதே மெழுகில் வேறொன்றைப் பதியலாம் என்பது. நான் பயந்துபோய், நீ தந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். திருப்பிப் போட்டுக் காட்டினாய். புனலுக்குள்ளிருந்து யாரோ ஒரு கிழவி, கரகரத்த தொண்டையோடு, "மனே, துவங்கட்டா" என்றாள். நான் திடுக்கிட்டு எழும்பி, "ஆர் இந்தக் கிழவி?" என்றேன். நீயும் அப்பாவும், அது நான்தான் என்று சத்தியம் செய்யாத குறை. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைத் தின்னும், அதனால் இனிப் போடமாட்டேன் என்றாய். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தக் கிழவியை இன்னொரு தடவை கேட்க எனக்கு ஆசை இருக்கவில்லை.

அந்தக் கரகரப்புத்தான் உன்னைப் பிடித்துக்கொண்டது. இழுத்துச் சொல்லும் சொல்லின் முடிவில் என் தொண்டை சுருங்கி, குரல் இரண்டாகப் பிளந்து நிற்கிறது என்றாய். புகைக்கரி படிந்த தாளில் என் குரலுக்கு ஊசி கீறிய கோட்டைக் காட்டி, இந்த நடுக்கம் வேறெந்த ஊர்த் தமிழிலும் இல்லை, இது மட்டக்களப்பு வாவிக்கரையின் சொத்து என்றாய். மீன் பாடுகிறது என்று துடுப்பில் காதை வைத்துக் கேட்கும் ஊரில், நீ உன் அம்மாவின் தொண்டையில் காதை வைத்தாய். ஒருவருடைய வாயை எடுத்துக்கொண்டு ஒரு மொழியையே எழுதிவிடுவது உங்கள் படிப்பின் வழக்கம் என்று எனக்குச் சொன்னதும் நீதான். நல்ல பேச்சாளர் ஒருவர் கிடைத்தால் போதும், ஆயிரம் பேர் வேண்டாம் என்றாய். நானும் சரியென்றுதான் தலையாட்டினேன். என் தொண்டையில் ஒரு சொத்து இருக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

காத்தான்குடியிலிருந்து சீலை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், அந்த வாரம் வந்தார். நீ அவரையும் பிடித்து இருத்திவிட்டாய். அவர் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் படித்த கதையைச் சொன்னார். "அடித்தொண்டையில ரெண்டு எழுத்து, நடுவுல ரெண்டு, மேல ரெண்டு தம்பி. ஓதக்குள்ள இடம் மாறினா பிரம்பு பேசும்." நீ துள்ளினாய், அரபு நாட்டார் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே தொண்டையை மூன்றாகப் பிரித்து வைத்ததை, சீலைக்கட்டோடு வந்தவர் வாயால் கேட்டுவிட்டாய். அவர் போனபிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கிறதா? காக்காவும் இந்த ஊர்க்காரர்தானே, அவருடைய குரல் வழுவழுவென்று இருக்கிறதே, என்னுடையதுபோல இல்லையே என்றேன். நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அவர்ர தொண்ட ஓதிப் பழகினது, அம்மா. அது திருந்திட்டு."

"அப்ப உன்ட அப்பாக்கு?"

"அப்பா கச்சேரி உத்தியோகத்தில இங்கிலீசு கதைச்சுக் கதைச்சு மாறிட்டார். உங்கட தொண்டதான் பழுதுபடாத மட்டக்களப்புத் தொண்ட."

பழுதுபடாத தொண்டை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும் என்று உன் அப்பா சொல்கிறார்.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ உன் கடிதத்தில் அதைத் தொடவில்லை. ஒரு பாட்டு வாத்தியார் தன் தொண்டைக்குள் தானே பார்க்க ஆசைப்பட்டு, வெயில் வெளிச்சத்தையும் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியையும் வைத்துக் குரல்நாணைக் கண்ட கதையைச் சொல்லிவிட்டு, அதேபோல ஒன்றை உன் பெட்டியிலிருந்து எடுத்தாய். முற்றத்தில் வெயிலுக்கு என்னை இருத்தி, நாக்கைத் துணியால் பிடித்து, கண்ணாடியை உள்ளே விட்டாய். எனக்கு ஓங்காளம் வந்தது. உன் கையைத் தட்டிவிட்டேன். மறுபடி முயன்றாய், மறுபடி தட்டிவிட்டேன். "போதும் மனே, அங்க என்ன தங்கமா கிடக்குது" என்றேன். நீ கண்ணாடியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாய். அந்தக் கண்ணாடி இன்னும் ஒரு விரல் உள்ளே போயிருந்தால். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் நான் செய்துகொண்டிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன். பகல் வெயிலில், அவ்வளவு பக்கத்தில், என் மகன் அந்தக் கட்டியின் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறான்.

பிறகு நீ லண்டன் போனாய். உன் கட்டுரை அறிஞர் சபையில் வாசிக்கப்பட்டது, பெரியவர்கள் மெச்சினார்கள் என்று எழுதினாய். நான் அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்மாருக்கும் வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போதே குரல் இறங்கிக்கொண்டிருந்தது. மாரி தொடங்கியபோது பாலர் வகுப்பின் கடைசி வாங்குக்குக்கூட என் சத்தம் போகவில்லை. தேவாலயத்தில் ஞானப்பாட்டுப் பாடும் கூட்டத்தில் என் இடம் ஒழிந்தது. இருமல் மருந்தும் கசாயமும் குடித்துப் பார்த்து, கடைசியில் அப்பா என்னைக் கோச்சியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். டாக்குத்தர் என்னைக் கொஞ்சம் கதைக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கரகரப்பு எவ்வளவு காலமா இருக்கு?"

உன் அப்பா நிமிர்ந்து இருந்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அது நோய் வருத்தமில்ல டாக்குத்தர். அது எங்கட ஊர்ப் பேச்சு. மகன் லண்டன்ல அதப் பத்தி எழுதியிரிக்கான்."

டாக்குத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஐயா, மட்டக்களப்பு ஆக்கள் எத்தனையோ பேர் என்னட்ட வந்திருக்கினம். இது பேச்சில்ல" என்றார். பிறகு அவரும் ஒரு கண்ணாடியை எடுத்தார். மருந்து பூசி மரக்கச் செய்ததால் எனக்கு ஓங்காளம் வரவில்லை. அவர் ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். அப்பாவின் முகத்தில் இருந்த பெருமை எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. நான் அவருடைய கையைப் பிடித்தேன், அது பனிபோல இருந்தது.

உயிர் வேண்டுமென்றால் குரல்வளை போகவேண்டும் என்றார்கள். வெட்டும் நாள் காலை, தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது அப்பா கதவுவரை வந்தார். நான், "போயிட்டு வாறன்" என்றேன். என் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல் அதுதான். கடைசிச் சொல் என்று தெரிந்திருந்தும் வேறொன்றும் வாயில் வரவில்லை. கண் விழித்தபோது யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன், அறையில் ஒன்றும் கேட்கவில்லை. என் வாயைத்தான் அடைத்துவிட்டார்களோ, என் காதைத்தான் அடைத்துவிட்டார்களோ என்று கொஞ்ச நேரம் தடுமாறினேன். பிறகுதான் கழுத்தில் கையை வைத்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் காலை, அடுப்பு புகைந்தது. ஊதுகுழலை எடுத்துக் குனிந்து ஊதினேன். நெருப்பு அசையவில்லை, கழுத்துச் சீலைதான் படபடத்தது. ஊதவும் முடியாது, கருவாடு கருகினால் மணக்கவும் மணக்காது. அந்தக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு உன் இலக்கணக்காரரை நினைத்தேன். தொப்புளிலிருந்து கிளம்பும் காற்று எனக்கு இன்னும் கிளம்புகிறது, பாதி வழியில் வெளியே போய்விடுகிறது. மேலே நாக்கும் பல்லும் உதடும் அண்ணமும் வேலைக்குத் தயாராக நிற்கின்றன, வேலைதான் வந்து சேரவில்லை. இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. வாய்க்குள் கிடக்கும் கொஞ்சக் காற்றை வைத்து ப, த, க மூன்றையும் தட்டிப் பார்த்தேன். சின்ன வெடிபோல வருகிறது. அப்பாவைக் கூப்பிட நாக்கால் தட்டினால் இப்போது திரும்பிப் பார்க்கிறார். உன்னுடைய அம்மா உன் படிப்பை விடவில்லை, பார்த்தாயா?

இனிக் கேள். எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீ ஒரு நோயைக் கேட்டுவிட்டு அதற்கு ஊர்ப் பெயர் வைத்தாய். காக்காவின் தொண்டை சொன்னதையும் அப்பாவின் தொண்டை சொன்னதையும், உனக்கு வேண்டாததால் தள்ளிவைத்தாய். இது எனக்கு வலிக்கிறது, கழுத்துப் புண்ணைவிட வலிக்கிறது. ஆனால் அந்த வலியைவிட, நீ எழுந்து ஓடப்போகிறாய் என்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. குழல் என்றவனும் தந்தி என்றவனும் பிழை விட்டார்கள் என்று நீதானே சொன்னாய். அவர்கள் எழுதியதை எவராவது சுரண்டி அழித்திருந்தால் நீ எதைப் படித்திருப்பாய்? வாவிக்கரைப் பேச்சில் அப்படி ஒரு நடுக்கம் இல்லை, நான் கேட்டது என் தாயின் நோயை என்று எழுது. எந்தச் சபையில் வாசித்தாயோ அதே சபையில் எழுந்து நின்று வாசி. மெச்சினவர்கள் முகத்தைச் சுளிக்கட்டும். அதன்பிறகு பலருடைய பேச்சைக் கேள், ஒருத்தியின் வாயை நம்பி ஊரை எழுதாதே. அந்த உருளைகளை லண்டனில் தொண்டை பார்க்கும் டாக்குத்தர்மாரிடம் ஒருமுறை போட்டுக் காட்டு. தொடக்கத்தில் அந்தக் கட்டி எப்படிச் சத்தம் போடும் என்று கேட்ட காது ஒன்று இருந்தால், இன்னொருத்தி தன் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்வாள்.

இவ்வளவும் வாத்தியாரம்மா சொன்னது. இனி உன் அம்மா சொல்வதையும் கேள்.

ப வருகிறது, த வருகிறது, க வருகிறது என்றேன். ம வரவில்லை. உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் குரலை விட்டால்தான் அது வரும் என்று நீ அன்றைக்கு என் மூக்கைப் பிடித்துக் காட்டினாயே. என்னிடம் மூக்குக்குப் போகும் காற்றும் இல்லை, குரலும் இல்லை. வாவிப் பக்கத்து யன்னலுக்கு முன்னால் நின்று பின்னேரங்களில் முயன்று பார்க்கிறேன். உதடு மூடுகிறது, திறக்கிறது, அவ்வளவுதான். உன் பெயரை ஒரு காலம் நாக்கால் தட்டிக் காட்டினாலும் காட்டுவேன், டாக்குத்தர் அப்படிச் சிலர் பழகியிருக்கிறார்கள் என்கிறார். ஆனால் நீ பிறந்த நாளிலிருந்து நான் உன்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மனே என்றுதான் கூப்பிட்டேன்.

முதல் உருளையின் தொடக்கத்தைப் பார். சொற்கள் தொடங்குமுன், நீ தலையில் கையை வைப்பதற்கு முன். அதை நீ அப்போதே சீவிவிட்டாயா, இல்லை மறந்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. சீவியிருந்தால் ஒளிக்காமல் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். இருந்தால், அந்த இடத்தை எவருக்கும் போட்டுக் காட்டாதே, நீயும் போட்டுக் கேட்காதே, ஊசி தின்றுவிடும். படிப்பை முடித்துவிட்டு வரும்போது கையோடு கொண்டுவா. உன் அப்பாவையும் இருத்திக்கொண்டு ஒரேயொரு தடவை கேட்போம். அந்தக் கிழவியைத்தான் எனக்கு இப்போது கேட்கவேண்டும். நான் உன்னைக் கூப்பிட்டது உலகத்தில் அந்த மெழுகில் மட்டும்தான் இருக்கிறது.

உன் அம்மா